கட்டுப் போடுகிறவனின் இரண்டு விரல்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஊருக்குக் கடிதம் போடுவதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அதிலும் சுகம் விசாரித்து முடிந்த பிறகு அடுத்தது என்ன என்று பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிற ஆள் நான். வசனங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். முன்னது பின்னதாக வரும். சில பெயர்கள் மறந்தே போய்விட்டன. வாசிக்கிறவர்கள் கோபிக்கக்கூடாது.

எழுதச் சொல்லிக் கேட்டது, நான் வேலை செய்த அருங்காட்சியகத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள். அங்கே நிற்கிற ரோமாபுரித் தூணைத் திரும்பவும் துப்புரவாக்கப் போகிறார்களாம். பழைய பதிவுத் தாள்களை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் "காவடிக்காரர்", "வேள்விக் கூட்டம்", "சாய்ந்து நிற்கிற அண்ணை" என்றெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததாம். "எந்த ரோமப் புத்தகத்திலும் இந்தப் பெயர்கள் இல்லை. எங்கிருந்து வந்தன என்று உங்களைக் கேட்கச் சொன்னார்கள்" என்று கடிதம் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. தமிழில் எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும். அதனால் எங்கள் சங்க மலருக்கே எழுதிக் கொடுக்கிறேன். அவர்களுக்கு மகள் மொழிபெயர்த்து அனுப்புவாள்.

முதலில் தூணைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு ரோமச் சக்கரவர்த்தி, தான் போரில் வென்ற கதையை ஒரு கல் தூணில் செதுக்கி வைத்தார். அடியிலிருந்து உச்சி வரை கயிறு சுற்றியதுபோலக் கதை சுற்றிச் சுற்றி மேலே போகும். ஆட்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அந்தக் கல் தூண் இப்போதும் ரோமாபுரியில் நிற்கிறது. நூறு வருடத்துக்கும் மேலே, அதை அப்படியே பிளாஸ்டரில் அச்சு எடுத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். முழு உயரம் கூரைக்குள் அடங்காதபடியால் இரண்டு துண்டாக, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ரோமாபுரியில் நிற்கிற அசலை மழையும் மோட்டார்ப் புகையும் அரித்துவிட்டன. அங்கே கரைந்துபோன பல சின்னச் சின்ன விஷயங்கள் எங்கள் அச்சில்தான் மிச்சம். ஆகவே அதில் ஒரு நகம் உடைந்தாலும் திரும்ப எடுக்க இடமில்லை. இது பின்னால் வரப்போகிற கதைக்கு முக்கியம்.

எண்பதுகளின் நடுவில் நானும் இவரும் பிள்ளையும் லண்டனுக்கு வந்தோம். கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறை. இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. எனக்கு அருங்காட்சியகத்தில் கூட்டித் துடைக்கிற விடியற்கால ஷிப்ட். ஐந்து வருடம் அந்தத் தூணின் கால்மாட்டைத் துடைத்தேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் முழுக்க ஆமி, வாளும் கேடயமுமாகப் படைவீரர். ஆமிக்காரரைப் பார்க்கவேண்டாம் என்றுதானே நாங்கள் ஊரைவிட்டு வந்தது?

அங்கே எனக்கு ஒரே துணை அந்தோனி அண்ணை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கருநீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் காவல் நிற்கிற உத்தியோகம். இங்கிலீஷ் தண்ணீர் பட்டபாடு. பகிடி விடாமல், ஆளைச் சிரிக்க வைக்காமல் ஒரு வசனம் பேசமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூணைச் சுற்றி இரும்புக் குழாயும் பலகையுமாகத் தட்டுத் தட்டாக ஸ்கஃபோல்ட் கட்டினார்கள். எத்தனையோ வருடத்துத் தூசியைத் தட்டி எடுக்கவேண்டும். அதற்குப் பொறுப்பாக வந்தவர் மிஸஸ் டொரதி. பழுதுபார்க்கும் பகுதியின் தலைவி. ஒல்லியான, நரைத்த பெண். பென்சிலைக் கொண்டையில் குத்தி வைத்துவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணாடியில் கை வைத்தாலே நாங்கள் செய்ததைத் திரும்பப் பார்ப்போம். வேலை சரியென்றால் "இது போதும்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அவருக்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், ஒரு வாங்குப் பலகையில் இருந்து நாங்கள் கூட்டுவதைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். நான் அந்தோனி அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"என்னவாம் அண்ணை?"

"நீர் தும்புத்தடியைத் தள்ளாமல் உம்மடை பக்கம் இழுக்கிறீராம். தூசி எழும்பேல்லையாம். மேலை ஏறச் சொல்லுறா."

"எனக்கு ஏலாது அண்ணை. உயரம் பயம். ஆமியும் பயம்."

"உந்த ஆமி செத்து ரெண்டாயிரம் வருசம். ஏறும் பிள்ளை."

முற்றம் கூட்டிய கைப்பழக்கம் அது. நான் அதை ஒரு வித்தை என்று நினைத்ததே இல்லை.

பழக்கம் எடுத்தது இரண்டு கிழமை, நிலவறையில், ஓர் உடைந்த பிளாஸ்டர்ச் சிங்கத்தின் காலில். மிஸஸ் டொரதி அதன்மேல் மெல்லிய பிளாஸ்டர்ச் சீவல்களைக் கஞ்சியால் லேசாக ஒட்டி, மேலே தூசியைத் தூவி வைப்பார். நாங்கள் தூசியை மட்டும் எடுக்கவேண்டும். ஒரு சீவல் கழன்றாலும் அன்று முழுக்கத் திரும்ப முதலில் இருந்து. எட்டாம் நாள் எனக்கு ஒன்றும் கழலவில்லை. "இது போதும்" என்றார்.

செய்முறையைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உதவும். இடக்கையில் தூசி உறிஞ்சுகிற ஹூவர்க் குழாய். அதன் வாயில் மெல்லிய வெள்ளைத் துணியை றப்பர் வளையத்தால் இறுக்கியிருக்கும். பிளாஸ்டர் ஏதாவது பொரிந்து வந்தால் துணியில் ஒட்டி நிற்கும், உள்ளே போகாது. வலக்கையில் மயிர்ப் பிரஷ். பிரஷின் தகர வளையம் கீறாமல் இருக்க அதற்கும் டேப் சுற்றியிருக்கும். பிரஷ் தூசியைக் குழாயின் வாய்க்கு அனுப்பும். குழாய் பிளாஸ்டரைத் தொடக்கூடாது. உச்சியில் தொடங்கிக் கீழே வரவேண்டும், ஏனென்றால் தூசி கீழேதான் விழும். ஒரு நாளைக்கு இரண்டு முழ அகலம் முடித்தால் நல்ல வேலை.

மோதிரம், வளையல், மணிக்கூடு ஒன்றும் ஆகாது. தொங்குகிற எதுவும் ஆகாது. வளையலைக் கழற்றிவிட்டேன். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்றேன். நான் வாய் திறந்து மாட்டேன் என்று சொன்னது அந்தக் கட்டிடத்தில் அதுதான் முதல் தடவை. துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பான மிஸ்டர் கீத், சட்டம் சட்டம்தான் என்று நின்றார். மிஸஸ் டொரதி முதலுதவிப் பெட்டியில் இருந்து அகலமான பட்டித்துணி ஒன்றை எடுத்து வந்தார். கொடியை உள்ளே போட்டு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. குனிந்து காட்டச் சொன்னார், குதித்துக் காட்டச் சொன்னார். "இது போதும்" என்றார். மிஸ்டர் கீத் அதைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார்.

மேலே போன பிறகுதான் ஆமியின் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் தூசி தட்ட முடியாதே.

சண்டை இருக்கிறது. எரிகிற வீடுகளும் வெட்டிய தலைகளும் இருக்கின்றன. அந்த இடங்களில் நான் கெதியாக வேலை செய்து தாண்டிவிடுவேன். ஆனால் சண்டையைவிட மற்றதுதான் அதிகம். புல்லோடு வெட்டிய மண் பாளத்தை ஒருத்தன் முதுகில் வைத்து, கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கயிறு தோளில் பதிந்த இடத்தில் சட்டை சுருங்கியிருக்கிறது. இன்னொருத்தன் கூடையில் மண்ணை ஏந்திக் கொடுக்க, வாங்குகிறவன் வேறெங்கோ பார்க்கிறான். வேலை செய்கிறவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி, நட்டு வைத்த கேடயத்தில் கொழுவியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வேலியில் சட்டையைக் கொழுவிவிட்டுத் தோட்டம் கொத்துவது போலத்தான். கழுத்தில் எல்லோருக்கும் ஒரு துணி, கவசம் உராயாமல் இருக்க. அரிவாளோடு கோதுமை வெட்டுகிறவர்களும் உண்டு. ஒரு கூட்டம் தோளில் தடி வைத்து, தடியில் சட்டியும் பையும் தொங்க வரிசையாகப் போகிறது. நான் காவடி என்றே நினைத்தேன். மாடும் ஆடும் பன்றியும் முன்னே போக, கொம்பு ஊதிக்கொண்டு போகிற கூட்டத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கோயிலில் கடா வெட்டுகிற வேள்வி என்று விளங்கிவிட்டது.

கீழே இருந்து பார்த்தால் இதில் பாதி தெரியாது. எங்களுக்குத் தந்த பதிவுத் தாள்களும் முன்பு யாரோ நிலத்தில் நின்று தூரக்கண்ணாடியால் பார்த்துப் படமாகக் கீறியவை. தாளில் ஆள் இருக்கும், ஆளின் முழங்கைக்குப் பின்னால் தொங்குகிற சட்டி இருக்காது. எனக்கோ தாளில் இங்கிலீஷில் குறிப்பு எழுதவும் வராது. அதனால் மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துப் பென்சிலால் தமிழில் எழுதினேன். பிரஷ் படமுன்னர் டோர்ச் அடித்து முழுக்கப் பார்ப்பேன். பலகையில் குந்தினால் அடுத்த கீழ்ச் சுற்றும் கண்ணுக்கு எட்டும். அதையும் பார்த்து, என்ன உடைந்திருக்கிறது, என்ன வெடித்திருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் மேலே தொடங்குவேன். இதை ஒருவரும் செய்யச் சொல்லவில்லை. துடைக்கப் போகிற இடத்தில் முன்பே இருக்கிற கீறலை முதலில் பார்த்து வைக்காவிட்டால் பழி துடைத்தவள் தலையில் விழும் என்பது கூட்டித் துடைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாயிரம் பேரை எப்படி அடையாளம் வைப்பது? செய்கிற வேலையாலும் முகத்தாலும் பெயர் வைத்தேன். அங்கேதான் சனியன் தொடங்கியது. சக்கரவர்த்தி எல்லாத் தட்டிலும் நிற்பார், எல்லாவற்றையும் பார்ப்பார், ஒருநாளும் சிரிக்கமாட்டார். அவருக்கு "டொரதி அம்மா" என்று எழுதினேன். தான் ஒன்றும் தூக்காமல் மற்றவனுக்குக் கை காட்டுகிற ஒருத்தன் "கீத்". எல்லோரும் மண் வெட்ட, கேடயத்தில் சாய்ந்துகொண்டு காவல் நிற்கிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தோனி அண்ணை கீழே இருந்து கூப்பிடுவார். "என்ன தங்கச்சி, எல்லாருக்கும் முகம் கழுவி முடிஞ்சுதோ?"

"இன்னும் ஆயிரம் பேர் இருக்கினம் அண்ணை."

"அப்ப நான் பென்சன் எடுத்தாப் பிறகும் நீர் உதிலைதான்."

நடுப்பகுதிக்குக் கீழே ஒரு சுற்றில் அவனைக் கண்டேன். காயம்பட்ட ஒருத்தன் கல்லில் இருக்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொருத்தன் குனிந்து அவன் தொடையில் கட்டுப் போடுகிறான். அவனும் ஆமிக்காரன்தான், அதே உடுப்பு. துணியைச் சுற்றி இழுக்கிற இழுவையில் முழங்கை வெளியே தள்ளி நிற்கிறது. ஆமிக்காரன் ஒருத்தன் காயத்துக்குக் கட்டுப் போடுவதை நான் அதுவரை கண்டதில்லை. அன்று அந்த ஒரு முழத்தோடு வேலையை நிறுத்தினேன். அதன் பிறகு பயம் குறைந்துவிட்டது.

அது முடிந்து மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அந்தக் காலத்துப் பட்டாள வைத்தியத்தைப் பற்றி ஆராய்கிறவர். பல வருடத்துக்கு முன்னர் எடுத்த பெரிய படம் ஒன்று கையில் இருந்தது. ஸ்கஃபோல்டில் ஏறிக் கட்டுப் போடுகிறவனுக்கு முன்னால் நின்றார். படத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு மிஸஸ் டொரதியைக் கூப்பிட்டார்.

படத்தில் கட்டுப் போடுகிறவனின் வலக்கையில் இரண்டு விரல்கள் துணியின் நுனியைப் பிடித்திருந்தன. தூணில் விரலும் இல்லை, நுனியும் இல்லை. முறிந்த இடம், நான் தூசி எடுத்தபடியால், வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தப் பகுதி யார் செய்தது?" என்று மிஸ்டர் கீத் கேட்டார். கேட்கும்போதே என்னைத்தான் பார்த்தார். "அந்தச் சங்கிலிதான் கொழுவியிருக்கும். நான் முதல் நாளே சொன்னேன்."

மிஸஸ் டொரதி பதிவுத் தாளைப் புரட்டினார். அதில் அந்த இடத்தில் ஒரு குறையும் எழுதியில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸஸ் பரம், நீங்கள் தொடும்போது இது இப்படித்தான் இருந்ததா?"

பரமேஸ்வரி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குப் பதில் தெரியும். என் கோட்டுப் பையில் கொப்பி இருந்தது, அதில் எழுதியும் இருந்தது. ஆனால் அந்தக் கொப்பியைத் திறந்தால் அதே பக்கத்தில் "கீத்" இருக்கிறான், பக்கத்துக்குப் பக்கம் "டொரதி அம்மா" இருக்கிறார். கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். தலையை ஆட்டினேன். அது ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாது.

"திங்கட்கிழமை வரை மேலே ஏற வேண்டாம்" என்றார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. எனக்காகச் சட்டத்தை வளைத்தவர் அவர், அதனால் பழி அவர் தலையிலும் விழப்போகிறது என்று எனக்கு விளங்கியது. நான்தான் உடைத்தேன் என்று முடிவானால் மேல்வேலை மட்டுமில்லை, கீழ்வேலையும் போகும் என்று மிஸ்டர் கீத் சொல்லிவிட்டுப் போனார்.

தேத்தண்ணி அறையில் அந்தோனி அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். கொப்பியைக் காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் அடித்தார்.

"இஞ்சை வடிவாய் எழுதியிருக்கு, ரெண்டு விரல் இல்லை எண்டு! ஏன் பேசாமல் நிண்டனீர்?"

"மற்றப் பக்கங்களைப் பாருங்கோ அண்ணை."

பார்த்தார். சிரித்தார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார், சிரிப்பு நின்றது.

"இதார் சாய்ஞ்சு நிக்கிற அண்ணை?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எனக்கு நாரி நோ பிள்ளை, இடுப்பு ஏலாது, அதுதான் சாயிறனான்" என்றார். பிறகு சொன்னார்: "சரி. திங்கட்கிழமை நான் வாசிக்கிறன். பேர் வாற இடமெல்லாம் இருமி விடுறன். அவையளுக்கு என்ன தெரியப்போகுது?"

வீட்டில் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், சொன்னேன். "கொடியைக் கழட்டி வைச்சிட்டுப் போவன். இந்த ஊரிலை ஆர் கேட்கப்போகினம்?"

"இஞ்சாருங்கோ, இப்ப கழட்டினால் நான்தான் உடைச்சனான் எண்டு ஒத்துக்கொண்டதாய்ப் போகும்."

அந்தச் சனி ஞாயிறு எனக்கு ஒரு சோறும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்கஃபோல்டின் கீழே எல்லோரும் கூடினார்கள். மிஸஸ் டொரதி, மிஸ்டர் கீத், பேராசிரியர். அந்தோனி அண்ணை கோட்டை இழுத்துவிட்டு, கோயிலில் வாசகம் வாசிக்கப் போகிறவர் மாதிரிக் கொப்பியை விரித்தார். தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி.

"கால் கட்டுறவனுக்கு வலக்கையிலை ரெண்டு விரல் இல்லை. துணி நுனியும் இல்லை. முறிஞ்ச இடத்திலை தூசி தடிப்பாய் இருக்கு."

"இந்தச் சனி ஞாயிறு வீட்டில் வைத்து எழுதியிருக்கலாம்" என்றார் மிஸ்டர் கீத். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"தொடர்ந்து வாசியுங்கள்" என்றார் மிஸஸ் டொரதி.

அண்ணை வாசித்தார். ஒரு வரி, ஓர் இருமல். இரண்டு வரி, மூன்று இருமல். பேராசிரியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை குடித்துவிட்டு, அடுத்த வரியைப் பார்த்துத் திரும்பவும் இருமினார். மிஸஸ் டொரதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் அந்தோனி, இருமாமல் வாசியுங்கள்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். என்னவென்றாலும் நடக்கட்டும்.

"டொரதி அம்மா மேடையிலை நிக்கிறா. மூக்கு நுனி கொஞ்சம் போயிருக்கு. பக்கத்திலை கீத், கை மட்டும் காட்டுறான், ஒண்டும் தூக்கேல்லை. அவனுக்குக் காது வெடிப்பு."

மிஸ்டர் கீத்தின் கை தானாகக் காதுக்குப் போனது. பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மிஸஸ் டொரதி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தொடர்ந்து" என்றார்.

"கீழ்ச் சுற்று, படகு. துடுப்புக்காரனுக்குப் பின்னாலை, மூட்டைக்கும் படகின்ரை சுவருக்கும் நடுவிலை ஒரு துண்டு கிடக்கு. புழு மாதிரி வளைஞ்சிருக்கு. முழுக்கத் தூசி மூடியிருக்கு. ஆருடையது எண்டு தெரியேல்லை."

அண்ணை அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். மிஸஸ் டொரதி கையை உயர்த்தினார்.

"அதைத் திரும்ப வாசியுங்கள்."

திரும்ப வாசித்தார்.

"மிஸஸ் பரம், அந்தப் படகைத் தூசி தட்டிவிட்டீர்களா?"

"இல்லை. இன்னும் அங்கே வரவில்லை" என்றேன். இங்கிலீஷில், நானாக. எல்லோருக்கும் கேட்டது.

அவர் அதற்குள் ஏணியில் கால் வைத்துவிட்டார். எல்லோரும் ஏறினோம், மிஸ்டர் கீத்தும் ஏறினார். என்னைத்தான் இடத்தைக் காட்டச் சொன்னார்கள். குந்தி டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். படகுக்குள் தூசி சாம்பல் நிறக் கம்பளி விரித்ததுபோலக் கிடந்தது, ஒரு விரல் தடிப்பு. ஒருவர் கையும் படவில்லை. அந்தக் கம்பளிக்குள் ஒரு சின்ன மேடு, கூனிப்போன புழு மாதிரி.

மிஸஸ் டொரதி ஒருவரையும் தொடவிடவில்லை. முதலில் படம் எடுக்கச் சொன்னார். நேரே ஒன்று, சாய்த்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. பிறகு சின்னக் கிடுக்கியால் தூசியின் ஒரு கரையைப் பிடித்துத் தூக்கினார். அது பாலாடை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே இரண்டு விரல்கள், அவற்றின் நடுவில் மடிந்த துணி நுனி. முறிந்த முகமும் தூசி ஊறிக் கறுத்திருந்தது.

"இவ்வளவு தூசி படிய எத்தனை வருடம் வேண்டும்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"மிஸஸ் பரம் இந்த நாட்டுக்கு வர முன்னரே விழுந்தது" என்றார் மிஸஸ் டொரதி.

அந்தோனி அண்ணை காவல் உத்தியோகத்தை மறந்து கை தட்டினார். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. மிஸ்டர் கீத் தொண்டையைச் செருமினார். "மிஸஸ் பரம், நான் பிழை" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "காது வெடிப்பு எந்தப் பக்கம்?" என்றும் கேட்டார். இடப் பக்கம் என்று காட்டினேன். டோர்ச் அடித்து நல்லாகப் பார்த்தார். மனுசன் நல்லவர்தான்.

பேராசிரியர் அன்று முழுக்கப் போகவில்லை. கொப்பியை முதலில் இருந்து வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். கயிறு பதிந்த சட்டைச் சுருக்கமும் கேடயத்தில் தொங்குகிற தலைக்கவசத்தின் வாரும் அவருடைய பட்டியலில் இல்லையாம். இருபது வருடமாக ஆராய்கிறேன், காணவில்லை என்றார். காவடிக்காரர் வந்ததும் அது என்ன என்று கேட்டார். வாயால் விளங்கப்படுத்த ஏலாமல் அந்தோனி அண்ணை தும்புத்தடியைத் தோளில் வைத்து நாலு அடி ஆடிக் காட்டினார், நாரி நோவோடு. வேதக்காரர் ஆடின காவடியை நான் அன்றுதான் கண்டேன். பேராசிரியர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அது படைவீரனின் சட்டி, பை, சாப்பாட்டுச் சாமான் என்று சொல்லித் தந்தார். நான் அழித்து எழுதப் போனேன். மிஸஸ் டொரதி தடுத்தார். பெயர் அப்படியே இருக்கட்டும், கேட்டவுடன் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார்.

அப்படித்தான் அந்தப் பெயர்கள் பதிவுத் தாளுக்குப் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியையும் தொட முன்னர் நான் பார்த்துத் தமிழில் எழுத, அண்ணை இங்கிலீஷில் சொல்ல, ஒருவர் தட்டச்சு அடிப்பார். "டொரதி அம்மா" மட்டும் சக்கரவர்த்தி ஆனார். அதுவும் அவர் கேட்டு அல்ல, நான் கெஞ்சி. "கீத்" போகவில்லை. தன் பெயரை எடுக்கவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தேத்தண்ணி அறையில் ஒட்டியிருந்த சட்டத்திலும் ஒரு வரி ஏறியது. கழற்ற முடியாத சங்கிலியை மிஸஸ் பரம் கட்டுகிற மாதிரிப் பட்டித்துணியால் கட்டலாம் என்று. அந்த மாதத்தோடு என்னைத் துப்புரவுப் பகுதியில் இருந்து பழுதுபார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். கழுத்தில் தொங்கவிட என் பெயர் எழுதிய அட்டை வந்தது. பரமேஸ்வரி என்று முழுதாக, ஓர் எழுத்தும் பிழையில்லாமல்.

விரல்களை ஒட்டின நாளையும் சொல்லிவிடுகிறேன். மிஸஸ் டொரதி பசையை முறிந்த முகத்தில் ஊசி முனையால் தொட்டு வைத்தார். கிடுக்கியை எடுத்து, என் பக்கம் நீட்டினார்.

"நீங்கள் கண்டெடுத்தது. நீங்களே வையுங்கள்."

கிடுக்கியால் துண்டை எடுத்து முறிந்த முகத்தோடு சேர்த்தேன். துண்டு தன் இடத்தில் போய் இருந்தபோது ஒரு சின்னத் தட்டல் கையில் தெரிந்தது, பூட்டில் சாவி சேருகிற மாதிரி. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பசை பிடிக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்திருந்தேன். விட்டேன். கட்டுப் போடுகிறவன் துணியை இறுக்கிப் பிடித்துவிட்டான். கீழே நின்ற அந்தோனி அண்ணை கேட்டார், "முடிஞ்சுதோ?" "முடிஞ்சுது அண்ணை!" என்று நான் கத்தினேன். அந்த மண்டபத்தில் நான் கத்தினது அந்த ஒரு தடவைதான்.

தூணின் அடி வரை நான்தான் இறங்கி முடித்தேன். பிறகு அங்கேயே வேலை செய்து, பென்சன் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

இதில் பிழை இருக்கும். கட்டுப் போடுகிறவன் நிற்கிற சுற்று அடியில் இருந்து ஆறாவதா ஏழாவதா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. படகில் இருந்தது மூட்டையா, சுருட்டிய கூடாரத் துணியா என்றும் தெரியாது. இப்போது துப்புரவாக்கப் போகிற பிள்ளைகள் தாள்களோடு வைத்துச் சரிபார்த்து, பிழையைத் திருத்திவிடவும். ரோமாபுரிக்குப் போகிறவர்கள் யாராவது, அங்கே கட்டுப் போடுகிறவனுக்கு விரல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு வரி எழுதினால் பெரிய உதவி. இங்கே இருக்கின்றன. ஒட்டிய இடம் விரலின் இரண்டாம் மடிப்புக்குக் கீழே மயிரிழை போலத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் பிரஷை மேலிருந்து கீழே இழுக்கவும், குறுக்கே இழுக்கவேண்டாம்.